ஒரு ஓட்டைதானே என்கிறவர்களுக்கு

“கெட்டி இரும்புண்ணே. ஒரு ஓட்டை போட்டா என்ன ஆவப் போவுது?”

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையிலும் திட்டக்குடிப் பக்கமும் உள்ள பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பழைய மஹிந்திரா ஜீப்பையோ மாருதி ஜிப்ஸியையோ கைமாற்றாக வாங்கி, உயரத்தை ஏற்றி, பெரிய டயர் மாட்டி, வெள்ளாற்று மணலிலும் மலைப் பாதையிலும் ஓட்ட ஆசைப்படும் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். இதையே பதிலாகவும் சொல்லி வேலையை எடுத்துக்கொள்கிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். ஓட்டை விழப்போகிற இடம் பம்பரோ லைட் ஸ்டாண்டோ என்றால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அவர்கள் கேட்பது ஸ்டியரிங் ஆர்மில். டிரைவரின் கைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற, மாற்று வழியே இல்லாத ஒரே இரும்பில். பிரேக் போனால் கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மேட்டில் ஏற்றியாவது நிறுத்தலாம். ஸ்டியரிங் இணைப்பு கழன்ற வண்டியில் டிரைவர் செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை.

அந்தக் கேள்வியும், அதைத் தாங்கிப் பிடிக்கும் மற்ற சமாதானங்களும் தவறு. ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன், ஓட்டை போட நினைப்பவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 1985இல் வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் விற்ற ஜிப்ஸியிலும், பழைய மஹிந்திரா ஜீப்களிலும் முன் ஆக்சில் ஒரே கட்டையாக இருக்கும். லீஃப் ஸ்ப்ரிங் அதற்குக் கீழே தொங்கும். ஸ்ப்ரிங்கை எடுத்து ஆக்சிலுக்கு மேலே வைத்தால் வண்டி நாலைந்து அங்குலம் உயர்ந்துவிடும். பாறை இடிக்காது, பெரிய டயர் உள்ளே போகும். ஆனால் வண்டியோடு ஸ்டியரிங் பாக்ஸும் மேலே போய்விடுகிறது. ஸ்டியரிங் ஆர்மைச் சுமக்கும் சக்கரத்தின் நக்கிள் பழைய உயரத்திலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் டிராக் லிங்க், முன்பு கிட்டத்தட்டப் படுத்திருந்தது, இப்போது சரிந்து நிற்கிறது.

சரிவு என்ன செய்யும் என்பதைக் கணக்காகப் பார்த்துவிடலாம். 700 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு டிராக் லிங்க் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி ஆக்சில் 50 மில்லிமீட்டர் மேலே வந்தால், நக்கிளைப் பக்கவாட்டில் அது தள்ளும் தூரம் இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம். அதே லிங்க் 20 டிகிரி சாய்ந்திருந்தால் அந்தத் தள்ளல் 16 மில்லிமீட்டர். ஸ்டியரிங் ஆர்ம் 150 மில்லிமீட்டர் என்றால், டிரைவர் கையை அசைக்காமலேயே சக்கரம் ஆறு டிகிரி திரும்பிவிடுகிறது. தார்ச்சாலைக் குழியில் இது நடந்தால் வண்டி தானாக எதிர்ப்பக்கம் பாயும். ஆகவே லிங்கின் முனையை மேலே கொண்டுவர வேண்டும். ஆர்முக்கு அடியில் மாட்டியிருப்பதை ஆர்முக்கு மேலே மாற்ற வேண்டும். அதற்குத்தான் ஆர்மில் புதிய துளை. தேவை உண்மையானது. வண்டியை உயர்த்திவிட்டு ஸ்டியரிங்கைத் தொடாமல் விடுகிறவரைவிட, ஓட்டை போட வேண்டும் என்று உணர்ந்தவர் ஒரு படி மேல்தான்.

ஆனால் அங்கே இருப்பது ஓட்டை இல்லை. அங்கிருந்துதான் என் மறுப்பு தொடங்குகிறது.

ஆர்மில் வந்து மாட்டும் டை ராடு எண்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் ஸ்டட் மேலே போகப் போக மெலிகிறது. ஆர்மில் உள்ள துளையும் அதே அளவில் மெலிகிறது. பல வண்டிகளில் எட்டுக்கு ஒன்று, அதாவது 8 மில்லிமீட்டர் ஏறினால் 1 மில்லிமீட்டர் விட்டம் குறையும். மில்லிமீட்டர் கணக்கில் வடிவமைத்த வண்டிகள் பலவற்றில் பத்துக்கு ஒன்று. எட்டுக்கு ஒன்று என்றால் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கச் சாய்வு 3 டிகிரி 35 நிமிடம்தான். இரும்பும் இரும்பும் உரசுகிற உராய்வுக்கு இந்தச் சாய்வு மிகவும் குறைவு. ஆகவே நட்டை முறுக்கி ஒருமுறை இறுக்கிவிட்டால், நட்டைக் கழற்றினாலும் ஸ்டட் வெளியே வராது. பக்கவாட்டில் சுத்தியலால் தட்டியோ புல்லர் போட்டோதான் பிரிக்க வேண்டும். ஆர்மும் ஸ்டட்டும் அந்த நிலையில் ஒரே துண்டு இரும்பு மாதிரி வேலை செய்கின்றன. சக்கரத்தின் இழுப்பையும் தள்ளலையும் தாங்குவது அந்தச் சரிவுச் சுவர் முழுவதும். நட்டின் வேலை ஸ்டட்டை உள்ளே இழுத்துப் பிடிப்பது. காட்டர் பின்னின் வேலை நட்டு சுழலாமல் பார்த்துக்கொள்வது. நட்டின் பள்ளமும் ஸ்டட்டின் துளையும் நேர்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் கையில் அடித்துச் சொல்லிக்கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இனி, ட்ரில் பிட்டை வைத்து ஆர்மில் நேர்த்துளை போடுகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் சரிவுச் சுவரை அழித்துவிடுகிறார். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12.5 மில்லிமீட்டர் துளை என்றால் அரை மில்லிமீட்டர் இடைவெளி. சக்கரம் இடமும் வலமும் திரும்பும்போதெல்லாம் போல்ட் அந்த அரை மில்லிமீட்டரில் போய் இடிக்கும். இடித்து இடித்துத் துளை நீள்வட்டமாகும். நீள்வட்டமான துளையில் இடி இன்னும் பெரிதாகும். கையில் பிடித்து அழுத்தும் ட்ரில் மெஷினில் போட்ட துளை முதல் நாளே வட்டமாக இருக்காது. கனமான இரும்பில் முனை அலைந்து மூன்று மூலை விழுந்த துளையாகத்தான் வரும். அதற்குள் உருண்டையான எதை நுழைத்தாலும் மூன்று கோடுகளில்தான் தொடும்.

“நேர்த்துளை வேண்டாம், டேப்பர் ரீமர் வாங்கியிருக்கிறோம்” என்று சொல்பவர்கள் அடுத்த வகை. இவர்கள் முதலாமவரைவிட விவரமானவர்கள். ஆனாலும் இங்கேதான் மிக அதிகமாகத் தவறு நடக்கிறது என்பது என் கருத்து, ஏனென்றால் இது சரியாகச் செய்தது போலவே தெரியும். அசல் துளையில் அகலமான வாய் கீழே, குறுகிய வாய் மேலே. ஸ்டட்டை மேலிருந்து இறக்க வேண்டும் என்பதால் ரீமரை மேலிருந்து விடுகிறார்கள். மேல்வாய் அகலமாகிறது, கீழ்வாய் முன்பே அகலம், நடு மட்டும் குறுகல். துளை உடுக்கை வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அதே அளவு ஸ்டட்டை மேலிருந்து மாட்டினால் மேல் பாதி மட்டும் பிடிக்கும், கீழ் பாதியைச் சுற்றி வெற்றிடம். நட்டை இறுக்கும்போது நன்றாக இறுகும். ஆட்டிப் பார்த்தால் ஆடாது. நாலு நாள் ஓட்டினால் குறை தெரியாது. ஆனால் முழு உயரத்தில் பரவ வேண்டிய பாரம் பாதி உயரத்தில் விழுகிறது, தாங்கல் இல்லாத கீழ்ப்பகுதியில் ஸ்டட் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் வளைகிறது. மரை தொடங்கும் இடமும் காட்டர் பின் துளையும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன, ஸ்டட்டின் மெலிந்த இடங்களும் அவைதான்.

இதைச் சரியாகச் செய்ய வழிகள் உண்டு. பழைய சரிவு முழுவதும் மறைந்துபோகும் அளவுக்குப் பெரிய ஸ்டட் உள்ள டை ராடு எண்டை எடுத்து, புதிய டேப்பரை மேலிருந்து கீழ்வரை முழுசாக வெட்டலாம். ஆனால் துளைக்கும் ஆர்மின் விளிம்புக்கும் நடுவே போதுமான சதை மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் துளையை நேராகப் பெரிதாக்கி, உள்ளே டேப்பர் வெட்டிய கெட்டியான புஷ் ஒன்றை அழுத்தி இறக்கலாம். அதற்கும் சதை வேண்டும். அந்தச் சதை இல்லாத ஆர்மில் எந்த வழியும் வழியில்லை. வேறு ஆர்ம்தான் வாங்க வேண்டும். சதை எவ்வளவு இருக்கிறது என்று வெர்னியர் வைத்து அளக்காமல் ட்ரில்லைத் தூக்குகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

“கெட்டி இரும்பு” வாதத்துக்கு வருகிறேன். இதற்கு நூறாண்டுக்கு மேலாகவே பதில் இருக்கிறது. 1898இல் கிர்ஷ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுக் காட்டினார்: இழுபடும் ஒரு தகட்டில் சின்ன வட்டத் துளை இருந்தால், துளையின் ஓரத்தில் இழுவிசை மற்ற இடத்தைப்போல மூன்று மடங்காகிறது. தகடு எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்து இந்த மூன்று மடங்கு குறைவதில்லை. ஸ்டியரிங் ஆர்ம் வளைந்து வளைந்து வேலை செய்யும் உறுப்பு. வளையும் பொருளில் பாரம் அதிகம் விழுவது நடுவில் இல்லை, வெளி ஓரங்களில். ஓரத்தை ஒட்டித் துளை போட்டால், எங்கே பாரம் அதிகமோ அங்கேயே சதையை எடுத்து, அங்கேயே விசையைப் பெருக்கியும் விடுகிறோம். துளைக்குள் ட்ரில் விட்ட திருகுக் கீறல்களும், வாயில் நிற்கும் பிசிறும் விரிசலுக்கு விதை. அரம் எடுத்துப் பிசிறு நீக்கி விளிம்பை மழுக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைக்கூடச் செலவழிக்காத வேலைகளை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். விரலை விட்டுச் சுற்றினால் தோல் கிழியும்.

“பத்து வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆவலையே” என்பது எல்லாவற்றிலும் பலமான வாதமாகத் தோன்றும். அனுபவத்தின் குரல் போலக் கேட்கும். ஆனால் இரும்பு களைத்து உடைவதைப் பற்றி உலகம் கற்றதெல்லாம் “இத்தனை நாள் ஓடியதே” என்ற அதிர்ச்சியிலிருந்துதான். 1842இல் பாரிஸ் நகரத்துக்கும் வெர்சாய்க்கும் இடையே ஓடிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாரம் மிகுந்து முறிந்த அச்சு அல்ல அது, ஓடி ஓடித் தேய்ந்து களைத்த அச்சு. அதன்பின் பிரஷ்யாவின் ரயில்வேயில் வேலை செய்த ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி உடைத்துப் பார்த்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவையான பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமே, திரும்பத் திரும்ப விழுந்தால் இரும்பை உடைத்துவிடும் என்று நிறுவினார். 1954இல் நடுவானில் சிதறிய காமெட் விமானங்களை ஆராய்ந்தபோதும், உடலில் வெட்டியிருந்த திறப்புகளின் மூலைகளை ஒட்டித்தான் விரிசல் வளர்ந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த விமானங்களும் உடையும் நாள்வரை நன்றாகத்தான் பறந்தன.

பத்து வருஷம் ஓடியது என்பதற்குப் பொருள், பத்து வருஷமாக விரிசல் வளர நேரம் கிடைத்தது என்பதாகவும் இருக்கலாம். இன்னொன்று, உடைந்த ஆர்ம்கள் பட்டறைக்கு வந்து சாட்சி சொல்வதில்லை. அவை காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. நம் கண்ணில் படுவது இன்னும் உடையாதவை மட்டும். அதை வைத்து எடுக்கும் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்?

“நாங்க வேகமாப் போறதில்லை, காட்டிலயும் பாறையிலயும் ஊர்ந்துதான் போவோம்” என்று ஒரு சமாதானம். ஸ்டியரிங் இணைப்புக்கு மிகக் கொடுமையான பாரம் விழுவது ஊரும்போதும் நிற்கும்போதும்தான். ஓடும் சக்கரத்தைத் திருப்புவது எளிது. நிற்கும் சக்கரத்தைத் தரையில் தேய்த்துத் திருப்ப வேண்டும். இரு பாறைகளுக்கு நடுவே செருகிய சக்கரத்தைத் திருப்பினால் முழு எதிர்ப்பும் டை ராடிலும் ஆர்மிலும் வந்து விழும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல் பாதையில் ஜீப் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வண்டியின் உயரத்தோடு டயரின் அகலமும் ஏறியிருக்கிறது, டயர் வெளியே தள்ளியும் நிற்கிறது. ஒவ்வொன்றும் பாரத்தை இன்னும் ஏற்றுகிறது. அதற்கும் மேல், பாறைக்குப் போகும் வண்டி பறந்து போவதில்லை. பெண்ணாடத்திலிருந்து மலைக்குத் தார்ச்சாலையில்தான் போகிறது. பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பருக்கும் நடுவே. காட்டில் விதைத்த விரிசல் சாலையில் அறுவடையாகும்போது அங்கே இருப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்குச் சம்மதம் சொன்னவர்கள் இல்லை.

பவர் ஸ்டியரிங் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. இறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்த பழைய டிராக்டர்களில் கை ஸ்டியரிங்குக்குப் பதிலாக ஹைட்ராலிக் கிட் பொருத்துவதைப் பார்த்துப் பழகிய பேச்சு இது. விவசாயியின் தோள்வலிக்கு அது நல்ல மருந்து, மறுக்கவில்லை. ஆனால் கையால் திருப்பும்போது ஆளுக்குத் தோள் களைத்துவிடும். சக்கரம் சிக்கியது கைக்குத் தெரியும், பிடியை விடுவார். ஹைட்ராலிக் சிலிண்டர் களைக்காது. சக்கரம் அசையும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சிலிண்டரின் தடியைப் பிடிக்க ஆர்மில் போடும் ஓட்டைக்கு, மேலே சொன்னதெல்லாம் இரண்டு மடங்கு அழுத்தமாகப் பொருந்தும்.

வெல்டிங். “பழைய ஓட்டையை வெல்டு வெச்சு அடைச்சிட்டுப் புதுசாப் போட்டுக்கலாம்” என்பதைத் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். ஸ்டியரிங் ஆர்மைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டி அச்சில் அடித்து உருவாக்குவதும், அதன்பின் பதம் போடுவதும் காரணத்தோடுதான்: பெரிய அடி விழுந்தால் அது உடையாமல் வளைய வேண்டும். வளைந்த ஆர்ம் டிரைவருக்குச் சேதி சொல்லும். ஸ்டியரிங் கோணலாகும், வண்டி இழுக்கும், அவர் நிறுத்திவிடுவார். இத்தகைய உறுப்புகளுக்குப் பயன்படும் ஈஎன்-8 போன்ற இரும்பில் கரி ஏறக்குறைய 0.4 சதவீதம். முன்கூட்டிச் சூடேற்றாமல், மெதுவாக ஆறவிடாமல் அதில் வெல்டு வைத்தால், வெல்டை ஒட்டிய பகுதி கடினமாகி வளையும் குணத்தை இழந்துவிடும். விருத்தாசலத்தில் பீங்கான் செய்பவர்கள் நிறையப் பேர். வளையாத பொருள் எப்படி உடையும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முன்னறிவிப்பு என்பதே கிடையாது. அந்தக் குணத்தை ஒரு வெல்டிங் ராடைக் கொண்டு ஸ்டியரிங் ஆர்முக்குள் ஏற்றி வைக்கிறோம். சில வண்டிகளில் நக்கிள் வார்ப்பிரும்பு வகை. அதில் வெல்டு வைப்பது இன்னும் மோசம்.

டை ராடு எண்டுக்குப் பதிலாக ரோஸ் ஜாயிண்ட் போட்டு ஹைடென்சில் போல்ட்டால் இறுக்குவது வெளிநாட்டுப் பந்தய வண்டிகளில் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. அங்கே ஜாயிண்டின் இரு பக்கமும் தாடை உண்டு. போல்ட்டை இரண்டு முனையிலும் பிடித்திருக்கும். போல்ட்டின் மரையில்லாத வழவழப்பான பகுதிதான் துளைக்குள் உட்காரும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் கழற்றிப் பார்ப்பார்கள். இங்கே ஆர்மின் மேல் ஒரு பக்கமாக ஜாயிண்டை உட்காரவைத்து, முழுக்க மரை உள்ள போல்ட்டை விட்டு இறுக்குகிறார்கள். போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருப்பது அது எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்லும். ஒரே பக்கம் பிடித்த போல்ட் வளைந்தும் இடித்தும் சாவதை அந்த எண் தடுக்காது.

துளையின் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டால் ஸ்டியரிங் சட்டென்று திரும்புகிறது என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். 150 மில்லிமீட்டரில் இருந்த துளையை 125க்குக் கொண்டுவந்தால், அதே சக்கரத்தைத் திருப்ப டை ராடில் விழும் விசை ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதோடு, வளைவில் உள் சக்கரம் வெளிச் சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. 1818இல் லண்டனில் அக்கர்மன் என்பவர் பெயரில் குதிரை வண்டிக்காகக் காப்புரிமை பெற்றது அது. இன்றுவரை கார்களில் இருக்கிறது. ஆர்மின் துளை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது அமையும். இடம் மாறினால் ஏற்பாடு குலையும், டயர் தேயும், வளைவில் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுக்கும்.

இத்தனையும் சொன்னபின், பழியை லேத்துப் பட்டறைகளின் மேல் போட்டுவிட்டுப் போகிறவர்களையும் மறுக்க வேண்டும். “ரோட்டோரப் பட்டறைக்காரனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்” என்று நகரத்தில் உட்கார்ந்து பேசுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. கரும்பு ஆலை ஷாஃப்டையும் போர்வெல் பம்ப் ஷாஃப்டையும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் கடைந்து கொடுக்கிறவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். டேப்பர் வெட்டுவது அவர்களுக்குப் புதிதில்லை. காம்பவுண்ட் ஸ்லைடைக் கோணத்துக்குத் திருப்பி வைத்தால் லேத்திலேயே வெட்டலாம்.

விருத்தாசலத்தில் வயதான டர்னர் ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நக்கிளை நாலு தாடைச் சக்கில் கட்டி, டயல் வைத்துச் சுற்றிச் சுற்றித் துளையை மையத்துக்குக் கொண்டுவரவே பாதிப் பொழுது போனது. வெட்டியபின் ஸ்டட்டில் நீல மையை மெல்லிசாகத் தடவினார். துளையில் வைத்துக் கையால் அழுத்தி, கால் சுற்று திருப்பி, வெளியே எடுத்தார். துளையின் சுவரை டார்ச் அடித்துப் பார்த்தோம். குறுகிய வாயில் மோதிரம்போல ஒரு நீல வளையம், அவ்வளவுதான். “இது எட்டுக்கு ஒண்ணு இல்ல தம்பி, பத்துக்கு ஒண்ணு. நீங்க கொண்டாந்த எண்டு வேற வண்டியோடது” என்றார். கோணத்தை 2 டிகிரி 52 நிமிடத்துக்குத் திருப்பி மறுபடியும் வெட்டினார். இரண்டாம் முறை சுவர் முழுக்க நீலம் ஒட்டியது. அந்த மோதிரத்தோடு வண்டி வெளியே போயிருந்தால் ஸ்டட் அந்த ஒற்றை வளையத்தில் தொங்கியபடி ஓடியிருக்கும். நட்டு மட்டும் நன்றாக இறுகியிருக்கும்.

அவருக்குத் தெரிந்திருந்தது. பெரும்பாலான பட்டறைகளில் குறை அறிவில் இல்லை, வாடிக்கையாளர் கேட்கும் வேலையில் இருக்கிறது. ஸ்டட்டைக் கொண்டுவராமல் ஆர்மை மட்டும் கொண்டுவந்து, “சாயங்காலம் வேணும், ஒரு ஓட்டைதான்” என்றால், அவர் எதை வைத்துக் கோணம் பார்ப்பார்? ஓட்டைக்கான கூலியைக் கொடுத்துவிட்டு டேப்பருக்கான வேலையை எதிர்பார்க்க முடியாது. சென்னையின் ரானே நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஸ்டியரிங் கியரும் பால் ஜாயிண்டும் செய்கிறது. இந்த உறுப்புகளை எப்படிச் செய்வது என்ற அறிவு தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

“சட்டமே தடுக்கிறது, அதோடு பேச்சு முடிந்தது” என்பவர்களோடும் எனக்குப் பாதிதான் உடன்பாடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு இது பொருந்தும்; பொருந்தத்தான் வேண்டும். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் ஸ்டியரிங் ஆர்ம் என்று ஒரு வரி கிடையாது. நிறத்தையும் இருக்கையையும் எஞ்சின் எண்ணையும் பார்க்கிறவர் கண்ணில் இந்தத் துளை படாது. “போலீஸ் பிடிக்கல, எஃப்.சி. ஆயிடுச்சு” என்பதை வண்டி பத்திரமாக இருப்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள், அது அத்தாட்சியே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி இதைவிட விஷயத்துக்கு நெருங்கி வருகிறது. ஸ்டியரிங் ப்ளே 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், இணைப்புகளின் போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்கிறது அது. எஃப்.சி. நாளில் ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து காட்டர் பின்னை விரலால் தொட்டுப் பார்த்தாலே பாதி ஆபத்து பிடிபடும். விதி 1989லிருந்து இருக்கிறது. குனிவதற்கு ஆள் வேண்டும்.

ஏற்கெனவே ஓட்டை போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: இரண்டு சக்கரங்களின் டை ராடு எண்டையும் கழற்றி, ஆர்மைப் பிசுக்கில்லாமல் கழுவி உலரத் துடைத்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை அடியுங்கள். ஸ்ப்ரே டப்பாவாகக் கடைகளில் கிடைக்கிறது. பத்து நிமிடம் ஊறவிட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை அடித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு தானே எழும்பி வரும். துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை அளவு கோடு வந்தாலும் அந்த ஆர்ம் முடிந்தது. வெல்டு, புஷ், பிளேட் எதுவும் அதைக் காப்பாற்றாது. புது ஆர்ம் வாங்குங்கள். பழையதை அப்படியே காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஆர்ம் கிடைக்காத மாடலுக்கு அங்கிருந்துதான் எடுத்துப்போய் மறுபடியும் மாட்டுகிறார்கள். கேஸ் கட்டரால் துளையின் குறுக்கே இரண்டாக வெட்டிய பிறகு போடுங்கள்.